எரியாத எஃகு ஏன் சரிகிறது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

உறுதிக்கு உவமை தேடினால் நம் நாவில் முதலில் வருவது இரும்புதான். ‘இரும்பு நெஞ்சம்’ என்கிறோம். ‘இரும்புப் பிடி’ என்கிறோம். அந்த இரும்போடு சிறிதளவு கரி சேர்ந்து பிறக்கும் எஃகுதான் இன்று உலகின் உயர்ந்த கட்டடங்கள் பலவற்றுக்கும், அகன்ற ஆலைக்கூடங்களுக்கும் எலும்புக்கூடாக நிற்கிறது. சுவரே சுமையைத் தாங்கிய நிலை மாறி, எஃகுத் தூண்களும் உத்தரங்களும் சுமையைத் தாங்க, சுவர் வெறும் மறைப்பாக நிற்கும் கட்டடங்கள் பெருகிவிட்டன. இவற்றை எஃகுச் சட்டகக் கட்டடங்கள் என்பர்.

தூணாகவும் உத்தரமாகவும் நிற்கும் எஃகு தீப்பற்றி எரிவதில்லை. ஆகவே தீ விபத்து நேர்ந்தால் மர வீட்டைவிட எஃகுக் கட்டடமே பத்திரமானது என்று பலரும் எண்ணுவது இயல்பு. ஆனால் உலகில் நடந்த பல பெரிய தீ விபத்துகளின் வரலாறு வேறு கதை சொல்கிறது. எரியாத எஃகு ஏன் சரிகிறது, அதைச் சரியாமல் காப்பது எவ்வாறு, அந்தக் காப்பு எங்கே தவறிப் போகிறது என்னும் மூன்று கேள்விகளுக்கும் நம் வகுப்பறையில் பயின்ற இயற்பியலையும் வேதியியலையும் கொண்டே விடை காண முயல்வது இக்கட்டுரையின் நோக்கம்.

உலைக்களம் கற்பிக்கும் பாடம்

என் தந்தையார் கொல்லுப்பட்டறை வைத்திருப்பவர். கொழுவும் அரிவாளும் மண்வெட்டியும் அடித்துக் கொடுப்பது அவர் தொழில். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவன் நானே முதல்வன். சென்ற ஆண்டு விடுமுறையில் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். “எஃகு உருக ஏறத்தாழ 1500 டிகிரி வேணும்னு புத்தகத்துல இருக்கு. நம்ம உலையில அவ்வளவு சூடு இல்லாமலே எப்படிப்பா வளையுது?”

அவர் குறட்டை இறக்காமலே சொன்னார்: “வளையறதுக்கு எதுக்குடா உருகணும்? செவந்தாப் போதும். செவந்த இரும்பு தன் கனத்தையே தாங்காது. குறட்டுல புடிச்சாலே தொங்கிப் போயிடும்.”

கட்டடத் தீயின் தத்துவம் முழுவதும் இந்த விடையில் அடங்கியிருக்கிறது. சாதாரணக் கட்டடத் தீயின் வெப்பநிலை 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை செல்லும். சில வேளைகளில் அதற்குச் சற்று மேலும் போகலாம். அது எஃகை உருக்கப் போதாது. ஆனால் அதை மெத்தென்று ஆக்குவதற்குப் போதும், போதியதற்கும் மிகுதி.

நம் நாட்டில் எஃகுக் கட்டுமானத்துக்கென உள்ள விதிமுறை ஐ.எஸ். 800. அதன் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் தீ எதிர்ப்புக்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. அதிலுள்ள ஒரு வாய்பாடு பள்ளி மாணவனும் போடக்கூடிய கணக்கு. 215 டிகிரி வரை எஃகின் வலிமை குறைவதாகக் கொள்ள வேண்டுவதில்லை. அதற்கு மேல், 905 என்னும் எண்ணிலிருந்து வெப்பநிலையைக் கழித்து, வரும் விடையை 690 ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பதுதான் எஞ்சியுள்ள வலிமையின் பங்கு. வெப்பநிலை 560 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 905-இல் 560 போக 345. அதை 690 ஆல் வகுத்தால் சரிபாதி. 905 டிகிரியில் விடை சுழி.

கட்டடத்தின் தூணும் உத்தரமும் தம் முழு வலிமைக்கும் சுமை ஏற்றப்படுவதில்லை. பாதுகாப்புக்கென ஒரு பங்கை ஒதுக்கியே பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். பாதி வலிமை அளவுக்குச் சுமை ஏற்ற ஒரு தூணை எடுத்துக்கொண்டால், 560 டிகிரியில் ஒதுக்கி வைத்த கையிருப்பு முழுவதும் தீர்ந்து, தூண் விளிம்பில் நிற்கிறது. ஒரு பொருள் இருட்டில் மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்குவது ஏறத்தாழ 525 டிகிரியில் என்பது நாம் படித்த செய்தி. ‘செவந்தாப் போதும்’ என்ற பட்டறைச் சொல்லும் விதிமுறையின் வாய்பாடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஏன் இத்தனை விரைவு?

எஃகு நல்ல வெப்பக் கடத்தி. மரத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 300 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. அதனால் தீ ஒரு பக்கம் பட்டாலும் சூடு உள்ளே பரவிவிடுகிறது. மேலும், எஃகு வலிமை மிக்கதாகையால் அதை மெல்லியதாகவே பயன்படுத்துகிறோம். ஆங்கில ‘ஐ’ எழுத்தின் வடிவில் இருக்கும் உத்தரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் தகடுகள் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரையே தடிமன் உள்ளவை. தீ படும் பரப்போ மிகுதி. சூட்டை வாங்கிக்கொள்ளும் நிறையோ குறைவு.

தடித்த தோசைக்கல் காய நேரம் பிடிக்கிறது; மெல்லிய தகரத்தட்டு நொடியில் காய்ந்துவிடுகிறது. அதே கணக்குதான் இங்கும். இருபுறமும் தீ படும் 10 மில்லிமீட்டர் தகட்டையும் 50 மில்லிமீட்டர் தகட்டையும் ஒப்பிட்டால், வெப்பம் நுழையும் பரப்பு ஒன்றே. சூடேற வேண்டிய எஃகு ஐந்து மடங்கு. ஆகவே மெல்லியது மிக விரைவில் சிவந்துவிடும். தீ படும் சுற்றளவை வெட்டுமுகப் பரப்பால் வகுத்துக் கிடைக்கும் எண்ணைக் கொண்டே எந்தத் தூணுக்கு எவ்வளவு காப்பு வேண்டும் என்று பொறியாளர்கள் முடிவு செய்கின்றனர்.

கட்டடப் பொருள்களைச் சோதிக்கும் உலைகளில் வெப்பநிலை எவ்வாறு உயர வேண்டும் என்பதற்கு உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு வரைகோடு உண்டு. அதன்படி உலை 5 நிமிடத்தில் 576 டிகிரியையும், அரை மணியில் 842 டிகிரியையும், ஒரு மணியில் 945 டிகிரியையும் எட்டும். இத்தகைய வெப்பத்தில் காப்பில்லாத மெல்லிய எஃகு 10 அல்லது 15 நிமிடங்களில் ஆபத்தான வெப்பநிலையைத் தொட்டுவிடும். மிகத் தடித்ததுகூட அரை மணி அளவே தாக்குப் பிடிக்கும்.

மரத்தின் நிலை என்ன? மரம் எரிகிறது, ஐயமில்லை. ஆனால் எரிந்த மேற்புறம் கரியாகி, அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசமாகிறது. தடித்த உத்தரம் நிமிடத்துக்கு முக்கால் மில்லிமீட்டர் என்ற அளவுக்குக்கூடக் கரிவதில்லை. அரை மணியில் ஒவ்வொரு பக்கமும் 2 சென்டிமீட்டர் போனதாகக் கொண்டாலும், 30 சென்டிமீட்டர் சதுர உத்தரம் 26 சென்டிமீட்டர் சதுரமாக நிற்கும். வெட்டுமுகத்தில் முக்கால் பங்கு மீதி. கனத்த மர உத்தரம் தாங்கி நிற்க, அதே தீயில் காப்பில்லாத எஃகு உத்தரம் துவண்டு தொங்குவது இதனால்தான். மரம் தன் போர்வையைத் தானே நெய்து கொள்கிறது. எஃகுக்கு நாம்தான் போர்த்திவிட வேண்டும்.

நீளுவதும் ஓர் ஆபத்தே

தண்டவாளங்களுக்கு இடையில் இடைவெளி விடுவதன் காரணத்தைப் பள்ளியிலேயே படித்தோம். 10 மீட்டர் நீளமுள்ள எஃகு உத்தரம் 500 டிகிரி சூடேறினால் 6 சென்டிமீட்டருக்குக் குறையாமல் நீளும். நீள இடமில்லையேல் அது தன்னைத் தாங்கும் தூணையோ, பக்கத்திலுள்ள உத்தரத்தையோ தள்ளும்.

நியூயார்க் நகரில் 2001 செப்டம்பர் 11 அன்று விமானங்கள் மோதிய இரட்டைக் கோபுரங்களை யாவரும் அறிவர். அருகிலிருந்த 47 மாடிக் கட்டடமாகிய ஏழாம் எண் கட்டடத்தின் மீது விமானம் எதுவும் மோதவில்லை. கோபுரம் சரிந்தபோது சிதறிய பொருள்களால் தீப்பற்றி, அணைக்க நீரின்றி மணிக்கணக்காக எரிந்து, அன்று மாலை அதுவும் சரிந்தது. அமெரிக்கத் தரநிலை ஆய்வு நிறுவனம் 2008-இல் வெளியிட்ட இறுதி அறிக்கை காரணத்தை விளக்கியது. தளங்களைத் தாங்கும் உத்தரங்கள் வெப்பத்தால் நீண்டு, ஒரு முதன்மை உத்தரத்தை அதன் இருக்கையிலிருந்து தள்ளிவிட்டன. அது விழ, கீழ்த்தளங்கள் விழ, பக்கத்துணை இழந்த ஒரு தூண் மடங்கியது. அதிலிருந்து கட்டடமே சரிந்தது. எஃகு அங்கேயும் உருகவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஒரு மணி நேரத்தின் விலை

தாய்லாந்து நாட்டின் நகோன் பதோம் மாநிலத்தில் கேடர் பொம்மைத் தொழிற்சாலை இருந்தது. 1993 மே 10 அன்று மாலை 4 மணியளவில் அதன் முதல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பொருள்கள் குவிந்திருந்த பகுதியில், சிறிய தீ ஒன்று காணப்பட்டது. நான்கு மாடிக் கட்டடம். பஞ்சும் துணியும் பிளாஸ்டிக்கும் எங்கும் நிறைந்திருந்தன. தானாக நீர் தெளிக்கும் ஏற்பாடு இல்லை. எஃகுத் தூண்களுக்கோ உத்தரங்களுக்கோ தீக்காப்பு ஏதும் இல்லை. அக்கட்டடத்தில் அபாய மணி ஒலிக்கவில்லை என்று உயிர் பிழைத்தோர் கூறினர். ஐந்தே கால் மணியளவில் அக்கட்டடம் முழுவதும் சரிந்துவிட்டது. 188 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இளம் பெண்கள். காற்று வீசிய வேகத்தில் தீ அடுத்த இரு கட்டடங்களுக்கும் பரவி அவற்றையும் வீழ்த்தியது. ஆனால் அவற்றில் அபாய மணி ஒலித்ததால் அங்கிருந்தோர் முன்னமேயே வெளியேறிவிட்டனர்.

கட்டடங்கள் மூன்று வீழ்ந்தன. உயிர்கள் போனது பெரிதும் ஒன்றில்தான். மற்றவற்றில் இருந்தோருக்கு நேரம் கிடைத்தது. முதல் கட்டடத்தில் இருந்தோருக்குக் கிடைக்கவில்லை. தீக்காப்பு என்பதன் பொருள் இதுவே. எந்தப் போர்வையும் ஒரு கட்டடத்தை என்றென்றும் எரியாததாக ஆக்கிவிடாது. அது நேரத்தை வாங்கித் தருகிறது. ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி என்றுதான் விதிமுறைகளும் காப்பை அளக்கின்றன. மாடிப்படி இறங்கிவரும் மனிதர்களுக்கும், உள்ளே நுழையும் தீயணைப்பு வீரர்களுக்கும் உரிய நேரம் அது.

இதை நான் வெறும் தேர்வுப் பாடமாகப் படிக்க இயலவில்லை. என் தமக்கையார் ஒரு பின்னலாடைக் கூடத்தில் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்து வேலை செய்பவர். எஃகுத் தூண்கள், எஃகு உத்தரங்கள், தகரக் கூரை, சுற்றிலும் துணிமூட்டைகள். என் கல்லூரிச் செலவில் ஒரு பங்கு அந்தக் கூரையின் கீழிருந்து வருகிறது. இதை வாசிக்கும் நண்பர்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒரு கூடத்துக்குச் சென்று வருபவர் ஒருவர் இருப்பார்.

போர்வைகள் பலவிதம்

1871-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரைப் பெருந்தீ அழித்தது. எரியாது என நம்பிக் கட்டிய வார்ப்பிரும்புத் தூண்களும் அதில் தப்பவில்லை. அதன்பின் அங்கே இரும்பைச் சுட்ட களிமண் ஓடுகளால் மூடும் வழக்கம் பரவியது. உலோகச் சட்டகத்தில் எழுந்த முதல் உயரக் கட்டடம் எனப் பலராலும் குறிப்பிடப்படும் ‘ஹோம் இன்சூரன்ஸ்’ கட்டடம் அதே சிகாகோவில் 1885-இல்தான் முடிக்கப்பட்டது. வானளாவிய கட்டடத்தின் வரலாறும் எஃகுக்குப் போர்வை தேடிய வரலாறும் ஒன்றாகவே தொடங்கின என்று சொல்லலாம். இன்று வழக்கிலுள்ள போர்வைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, கான்கிரீட். தூணைச் சுற்றிக் கான்கிரீட் ஊற்றி மூடிவிடுவது பழைய முறை. அது உறுதியானது, எளிதில் பெயராது. ஆனால் கனம் மிகுதி, இடத்தையும் அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, ஜிப்சம் பலகை. மயில்துத்தத்தைச் சோதனைக் குழாயில் இட்டுச் சூடேற்றினால் குழாயின் வாயருகே நீர்த்துளிகள் படிவதை வேதியியல் ஆய்வகத்தில் கண்டிருக்கிறோம். ஜிப்சமும் அவ்வாறே படிக நீரைத் தன்னுள் பூட்டி வைத்திருக்கும் உப்பு. கால்சியம் சல்பேட் ஒரு மூலக்கூறுக்கு நீர் இரண்டு மூலக்கூறு. மூலக்கூறு எடை 172. அதில் நீர் 36. அதாவது 100 கிலோ தூய ஜிப்சத்தில் ஏறத்தாழ 21 கிலோ நீர், ஒரு துளியும் வெளியே தெரியாமல் இருக்கிறது. தீ பட்டதும் அந்த நீர் பிரிந்து ஆவியாகிறது. ஆவியாக வேண்டிய உள்ளுறை வெப்பத்தைத் தீயிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. நீர் தீரும்வரை பலகையின் பின்னாலுள்ள எஃகு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். உலர்ந்த பலகைக்குள் ஒரு நீர்த்தொட்டி என்றே இதைச் சொல்லலாம்.

மூன்றாவது, தெளிப்புப் பூச்சு. வெர்மிகுலைட் என்பது அப்பிரக இனத்தைச் சேர்ந்த கனிமம். சூடேற்றினால் பொரிபோல் உப்பி, நிறையக் காற்றறைகள் கொண்டதாகிவிடும். அதைச் சிமெண்டுடனோ ஜிப்சத்துடனோ நீரில் கலந்து எஃகின் மேல் தெளிப்பர். காற்று அரிதிற் கடத்தி. எனவே சூடு உள்ளே நுழையத் தாமதமாகும். இது மலிவானது, ஆனால் மென்மையானது. முன்னாளில் இதற்குக் கல்நாரையும் பயன்படுத்தினர். அதன் நுண்ணிய இழைகளைச் சுவாசித்த தொழிலாளர்க்கு நுரையீரல் நோயும் புற்றுநோயும் வருவது உறுதியானதால் அம்முறை கைவிடப்பட்டது. ஒருவர் உயிரைக் காக்க மற்றொருவர் உயிரைப் பணயம் வைப்பது காப்பு ஆகாது அல்லவா?

நான்காவது, உப்பும் வண்ணப்பூச்சு. தீபாவளிக்கு நாம் கொளுத்தும் பாம்பு மாத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னஞ்சிறு வில்லை ஒன்று தீ பட்டதும் நீண்டு கொழுத்த கரிப் பாம்பாக வளர்கிறது. இப்பூச்சும் அதைப் போன்றதுதான். பார்வைக்குச் சாதாரண வண்ணமாய், ஒரு மில்லிமீட்டர் அளவில் எஃகின் மேல் ஒட்டியிருக்கும். வெப்பநிலை 200 டிகிரியைத் தாண்டியதும் அதிலுள்ள அம்மோனியம் பாலிபாஸ்பேட் சிதைந்து அமிலத்தைத் தருகிறது. அந்த அமிலம் உடனிருக்கும் கரிமப் பொருளைக் கரியாக்குகிறது. மெலமின் என்னும் மூன்றாவது பொருள் வாயுவை வெளிவிட்டு அக்கரியை நுரைபோல் உப்பச் செய்கிறது. மெல்லிய பூச்சு பல மடங்கு தடித்த கரிநுரைப் போர்வையாகி எஃகை மூடுகிறது. மரம் இயற்கையாகச் செய்வதை எஃகுக்கு வேதியியல் செய்து கொடுக்கிறது.

ஐந்தாவது, நீர் நிரம்பிய தூண். காகிதக் கிண்ணத்தில் நீர் ஊற்றி விளக்கின் மேல் காட்டினால் நீர் கொதிக்கும்; காகிதம் எரியாது. இந்தச் சிறு சோதனையை 64 மாடி உயரத்துக்கு வளர்த்ததுதான் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1970-ஐ ஒட்டி எழுந்த யு.எஸ். ஸ்டீல் கோபுரம். அதன் வெளிப்புறத்திலுள்ள 18 பெரிய தூண்களும் உள்ளீடற்றவை. உறையாமலும் துருவேறாமலும் இருக்கும் மருந்துகள் கலந்த நீர் அவற்றுள் நிரப்பப்பட்டது. வெளியே தீ சூழ்ந்தால் உள்ளேயுள்ள நீர் சூட்டை வாங்கிக்கொண்டு மேலேற, குளிர்ந்த நீர் கீழிறங்கும். வெப்பச் சலனம் பற்றிய நம் பாடத்துக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஒரே கட்டடத்தில் இரு தீர்ப்புகள்

போர்வையால் உண்மையில் பயனுண்டா என்பதற்கு ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரம் சான்று தருகிறது. அங்கிருந்த வின்ட்சர் கோபுரம் 32 மாடிக் கட்டடம். நடுப்பகுதி கான்கிரீட், வெளி விளிம்பைச் சுற்றி எஃகுத் தூண்கள். 1970-களில் கட்டியபோது அந்த எஃகுத் தூண்களுக்குத் தீக்காப்பு தரப்படவில்லை. பின்னர் கட்டடத்தைச் சீரமைக்கையில், கீழிருந்து ஒவ்வொரு தளமாகக் காப்பிட்டுக்கொண்டு வந்தனர். 17-ஆம் தளத்துக்குக் கீழே, 9, 15 ஆகிய இரு தளங்கள் நீங்கலாக, வேலை முடிந்திருந்தது. மேலே இன்னும் போகவில்லை.

அந்நிலையில் 2005 பிப்ரவரி 12 இரவு 21-ஆம் தளத்தில் தீப்பிடித்தது. தீ மேலும் கீழும் பரவி, மறுநாளும் எரிந்தது. காப்பிடாத மேல் தளங்களில் விளிம்புத் தூண்கள் மடங்கி, தளங்களின் ஓரங்கள் அடுக்கடுக்காகச் சரிந்தன. காப்பிட்ட கீழ்த் தளங்களில் அதே வகைத் தூண்கள் நின்றன. அங்கேயும் வேலை முடியாத 9, 15 ஆகிய இரு தளங்களில் மட்டும் தூண்கள் வளைந்தன. ஒரே கட்டடம், ஒரே தீ. போர்வை உள்ள இடத்துக்கு ஒரு தீர்ப்பு, இல்லாத இடத்துக்கு வேறு தீர்ப்பு. எந்த ஆய்வகமும் இவ்வளவு தெளிவான சோதனையைத் திட்டமிட்டு நடத்த முடியாது. நடுவிலிருந்த கான்கிரீட்டும், விழுந்தவற்றைத் தாங்கிய வலுவான இடைத்தளமும் முழு வீழ்ச்சியைத் தடுத்தன என்பதையும் சொல்ல வேண்டும். இரவு நேரமாகையால் உயிர்ச்சேதம் இல்லை.

துணைக்கு நிற்கும் தண்ணீர்

போர்வை தீயைப் பொறுத்துக்கொள்ளும், அணைக்காது. அணைக்கும் வேலையைத் தொடக்கத்திலேயே செய்வது தானியங்கி நீர்த்தெளிப்பான். கூரையில் ஓடும் நீர்க்குழாயின் வாயை ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் அடைத்துக்கொண்டிருக்கும். அதனுள் ஒரு திரவம். சிவப்பு நிறக் குமிழ் 68 டிகிரியில் திரவம் விரிந்து உடையும், நீர் கொட்டும். திரைப்படங்களில் காட்டுவதுபோல் எல்லாம் ஒருசேரத் திறந்துவிடுவதில்லை. எந்தக் குமிழைச் சூடு எட்டுகிறதோ அது மட்டுமே திறக்கும்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ‘ஒன் மெரிடியன் பிளாசா’ என்னும் 38 மாடி எஃகுக் கட்டடம் இருந்தது. 1991 பிப்ரவரி 23 அன்று, மரத்துக்குப் பூசும் ஆளி விதை எண்ணெய் தோய்ந்த கந்தல்கள் தாமாகவே சூடேறி, 22-ஆம் மாடியில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர் மூவர் உயிரிழந்தனர். கட்டடம் சரியக்கூடும் என்ற அச்சத்தில் மற்றவர்கள் வெளியே அழைக்கப்பட்டனர். தீ மாடி மாடியாக ஏறிக்கொண்டே போய் 30-ஆம் மாடியை அடைந்தது. அங்கே நீர்த்தெளிப்பான்கள் பொருத்தப்பட்டிருந்தன. பத்தே தெளிப்பான்கள் திறந்தன. தீ அத்துடன் நின்றது.

எல்லா எஃகுக்கும் போர்வை வேண்டுமா?

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1990-இல் லண்டனில் பிராட்கேட் என்னுமிடத்தில், கட்டி முடியாத 14 மாடிக் கட்டடத்தில் பெருந்தீ மூண்டது. எஃகுக்கு முழுக் காப்பும் இடப்படாத நேரம். சில தூண்கள் 10 சென்டிமீட்டர் அளவு குட்டையாயின, உத்தரங்கள் தொய்ந்தன. ஆனாலும் கட்டடம் விழவில்லை. இதன் காரணத்தை அறிய, இங்கிலாந்தில் கார்டிங்டன் என்னும் ஊரில், பழைய ஆகாயக்கப்பல் கொட்டகை ஒன்றினுள் 8 மாடி எஃகுக் கட்டடத்தையே எழுப்பி, 1990-களின் நடுவில் தீயிட்டுச் சோதித்தனர்.

தனி உத்தரம் வேறு, கட்டடத்தோடு பிணைந்த உத்தரம் வேறு என்பது அதில் தெளிவாயிற்று. உத்தரம் மென்மையடைந்து தொங்கியபோதும், அதன் மேலிருந்த கம்பி பதித்த கான்கிரீட் தளம் தூளிபோல் இழுத்துப் பிடித்துச் சுமையைப் பக்கங்களுக்குக் கொடுத்துவிட்டது. தூளி நிற்க வேண்டுமானால் அது கட்டப்பட்ட இடம் உறுதியாக இருக்க வேண்டும். ஒரு சோதனையில் தூணின் உச்சியில் சிறு பகுதி காப்பின்றி விடப்பட்டது. அந்தப் பகுதி மட்டும் நசுங்கிப் போயிற்று. ஆகவே சில இடை உத்தரங்களுக்குக் காப்பின்றியும் விடலாம். தூண்களில் ஒரு சாண் இடமும் விடலாகாது என்பதே கண்ட உண்மை. எங்கே விடலாம் என்பதைக் கணக்கிட்டு முடிவு செய்ய வேண்டுமே அன்றிச் சிக்கனத்தைக் கருதி முடிவு செய்யக் கூடாது. தகரக் கூரைக் கூடங்களில் இத்தகைய கான்கிரீட் தளம் மேலே இல்லை என்பதையும் மறக்கலாகாது.

காப்பு தவறும் இடங்கள்

என் தமக்கையாரிடம் இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: “எங்க தூணுக்கெல்லாம்தான் செவப்பு பெயிண்ட் அடிச்சிருக்காங்களே தம்பி, அது போதாதா?” பலருக்கும் எழக்கூடிய கேள்வி இது. அந்தச் சிவப்புப் பூச்சு ரெட் ஆக்சைடு. அது துருவைத் தடுக்க அடிப்பது, தீயைத் தடுக்காது. உப்பும் பூச்சு வேறு; அதைக் குறித்த தடிமனில் அடித்து, அளந்து பார்க்க வேண்டும்.

காப்பு இட்ட கட்டடத்திலும் அது தவறுவது பெரும்பாலும் சிறு சிறு அலட்சியங்களால்தான். மின்கம்பி இழுக்க வருபவர் கவ்வி மாட்டுவதற்காகத் தெளிப்புப் பூச்சைச் சுரண்டுவார். பிறகு யாரும் அதைப் பூசுவதில்லை. சரக்கு வண்டி மோதித் தூணின் அடிப்பலகை பெயரும். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுவர். குழாய் கொண்டுபோகச் சுவரில் இட்ட ஓட்டை அடைபடாமல் இருக்கும். தீக்கு அதுவே வாசல். நீர்த்தெளிப்பானை மறைத்து மூட்டைகள் அடுக்கப்படும். மாடிப்படியின் கீழ் அட்டைப்பெட்டிகள் சேரும். வெளியேறும் கதவில் பூட்டுத் தொங்கும். போர்வை வாங்கித் தந்த ஒரு மணி நேரத்தை அந்தப் பூட்டு ஒன்றே பறித்துவிடும்.

மாணவர்களாகிய நாம் நாளை ஆசிரியர்களாகவோ, அலுவலர்களாகவோ, மேற்பார்வையாளர்களாகவோ, ஒரு சிறு பட்டறையின் உரிமையாளராகவோ ஆவோம். எந்தப் பணிக்குப் போனாலும் ஏதோ ஒரு கட்டடத்தின் கீழ்த்தான் அமரப் போகிறோம். நம்மை நம்பிப் பலர் அமரப் போகிறார்கள். ஒரு கூடத்தினுள் நுழையும்போது தலையை நிமிர்த்தித் தூணையும் உத்தரத்தையும் பாருங்கள். போர்வை இருக்கிறதா? எங்கேனும் கிழிந்திருக்கிறதா? வெளியே செல்லும் வழிகள் எத்தனை? அவை திறந்திருக்கின்றனவா? பதில் தெரியாவிட்டால் பொறுப்பில் உள்ளவரிடம் கேளுங்கள். இவற்றைக் கேட்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. இயற்பியல் படித்தவர்கள் கேட்காமல் இருப்பதற்குத்தான் காரணம் எதுவும் இல்லை.